கட்டிய பணத்தை வசூலிக்கும் மயக்கம்

கார் வைத்திருப்பவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேதவாக்குப் போல் நிலைத்துவிட்டது. வருஷந்தோறும் இன்சூரன்ஸுக்கென்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறோம். ஆகையால் வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும், பம்பர் சற்றே நசுங்கினாலும், அதை இன்சூரன்ஸில் போட்டுச் சரிசெய்துகொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். அப்படிச் செய்யாதவன் கட்டிய பணத்தைக் கம்பெனிக்கு வீணே விட்டுக்கொடுத்த ஏமாளி என்பதே அந்த அபிப்பிராயம். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பார்வையிடுகிறவர் இதைச் சொல்கிறார். அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். கணக்கில் வல்லவர்கள்கூட, வேறு எந்தச் செலவிலும் காட்டும் நிதானத்தை இந்த ஒரு விஷயத்தில் கைவிட்டு, இதை நம்பி நடக்கிறார்கள். இந்த நம்பிக்கை கணக்கிலும் தவறு, நியாயத்திலும் தவறு என்பது என் கட்சி.

முதலில், நாம் கட்டும் பணம் எதற்காகப் போகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முழுப் பாலிசி என்று நாம் வாங்குவது உண்மையில் இரண்டு காப்புகள் ஒன்றாகச் சேர்ந்தது. நம் வண்டியால் பிறருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் ஈடு கொடுப்பது ஒன்று. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இதைத்தான். 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்று, 1946 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்தக் கட்டாயம், இன்று 1988ஆம் வருஷத்துச் சட்டத்தின் 146ஆம் பிரிவில் தொடர்கிறது. இதற்குரிய பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது; 2022 ஜூன் முதல் தேதி அமலான விகிதப்படி, 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஆண்டொன்றுக்கு 3,416 ரூபாய். நாம் எத்தனை வருஷம் ஜாக்கிரதையாக ஓட்டினாலும் இதில் ஒரு காசும் குறைவதில்லை. நம் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பு மற்றொன்று. 2007 ஜனவரியில் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியபின் இதன் விலையை அந்தந்தக் கம்பெனியே வகுத்துக்கொள்கிறது. 'நோ கிளைம் போனஸ்' என்று சொல்லப்படும் தள்ளுபடி கிடைப்பது இந்த இரண்டாவது பகுதியில் மாத்திரமே.

அந்தத் தள்ளுபடியின் விதி மிகவும் தெளிவானது. ஒரு முழு வருஷம் கிளைம் ஏதுமின்றிக் கழிந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். தொடர்ந்து இரண்டு வருஷமானால் 25, மூன்றானால் 35, நான்கானால் 45, ஐந்தானால் 50 சதவீதம். அதற்குமேல் உயர்வதில்லை. ஆனால் எந்தப் படியில் நின்றாலும், ஒரே ஒரு கிளைம் செய்துவிட்டால், அடுத்த புதுப்பிப்பில் தள்ளுபடி பூஜ்யமாகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிளைம் எவ்வளவு என்று இந்த விதி கேட்பதில்லை. நாலாயிரம் ரூபாய் பம்பருக்கும் நாலு லட்ச ரூபாய்ச் சேதத்துக்கும் விளைவு ஒன்றுதான். சிறு கிளைமின் ஆபத்து முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. ஜனங்கள் கவனிக்கத் தவறுவதும் இதையே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தள்ளுபடிக்கு முன் சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய் என்றும், வண்டிக்காரர் 50 சதவீதத் தள்ளுபடியை எட்டியவர் என்றும் வைத்துக்கொள்வோம். கிளைம் செய்யாவிட்டால் அவர் ஒவ்வொரு வருஷமும் 6,000 ரூபாய் கட்டுவார். செய்துவிட்டால், இனி வேறு கிளைம் நேராது என்றே கொண்டாலும், வரும் வருஷங்களில் அவர் கட்டவேண்டியவை முறையே 12,000, 9,600, 9,000, 7,800, 6,600 ரூபாய். ஆறாவது வருஷத்தில்தான் பழைய 6,000 ரூபாய்க்குத் திரும்புவார். ஐந்து வருஷங்களிலும் அதிகமாகக் கட்டியது மொத்தம் 15,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் கூட்டினால் 17,700. வண்டி பழசாக ஆக அதன் காப்பு மதிப்பு இறங்குவதால் பிரீமியமும் இறங்குமே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அடிப்படைப் பிரீமியம் வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறைவதாகவே வைத்துப் பார்த்தாலும், வரியுடன் சேர்ந்த நஷ்டம் பதினையாயிரம் ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை.

இதற்கு ஈடாகக் கைக்கு வருவது என்ன? பின்புறத்தில் இடிபட்டு பம்பர் உடைந்ததென்று கொள்வோம். பம்பருக்கு 7,000, கழற்றிப் பூட்டும் கூலி 1,500, பெயிண்டிங் 4,000, ஆக 12,500 ரூபாய் பில். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் சாமான்களுக்குத் தேய்மானமென்று பாதி விலையைக் கழித்துவிடுவார்கள், பம்பர் பிளாஸ்டிக். பெயிண்டிங் செலவில் கால் பங்கைப் பெயிண்டின் விலையாகக் கருதி, அதிலும் பாதியைக் கழிப்பார்கள். ஆகப் பம்பருக்கு 3,500, கூலிக்கு 1,500, பெயிண்டிங்குக்கு 3,500, கூட்டினால் 8,500. இதிலிருந்து ஒவ்வொரு கிளைமிலும் வண்டிக்காரரே ஏற்கவேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய் போனால், கம்பெனி தருவது 7,500. மீதி 5,000 ரூபாயை அவர் தம் கையிலிருந்தே கொடுக்கிறார். ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாயைப் பெறுவதற்காக, அதைப்போல் இரு மடங்குத் தொகையை ஐந்து வருஷத் தவணையில் கம்பெனிக்குத் திருப்பிக் கட்ட அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார். அந்தத் தவணைகள் பிரீமியம் என்ற பெயரில் வருவதால், அவை அந்தப் பம்பரின் விலை என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது.

"என்னுடையது பம்பர் டு பம்பர் பாலிசி, தேய்மானமே கிடையாது" என்று சிலர் பெருமிதத்துடன் சொல்வார்கள். தேய்மானம் கழிபடாவிட்டாலும் கட்டாயப் பிடித்தம் உண்டு. இதே பில்லில் அவருக்குக் கிடைப்பது 11,500 ரூபாய். இழப்பது அப்போதும் அதற்கு மேலேதான். அந்தச் சலுகைக்கென்று வருஷந்தோறும் தனியே கட்டிய கூடுதல் பிரீமியம் இந்தக் கணக்கில் சேரவில்லை. தள்ளுபடியைக் காப்பாற்றும் தனிச் சலுகையும் விலைக்குக் கிடைக்கிறது. அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள கிளைம்களுக்குத்தான் செல்லும். பாலிசியைப் படித்து, அது என்ன நிபந்தனையுடன் வந்திருக்கிறது என்று அறிந்தவர்களே அதை நம்பலாம்.

எல்லோருக்கும் நஷ்டம் ஒரே அளவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 50 சதவீதத்தை எட்டியவர் ஒரு கிளைமினால் இழப்பது, பிரீமியம் மாறாதிருந்தால், ஒரு வருஷத்து முழுப் பிரீமியத்தின் ஒன்றேகால் மடங்கு. முதல் வருஷத்திலேயே கிளைம் செய்பவருக்கோ ஒவ்வொரு படியிலும் ஒரு வருஷம் பின்தங்குவதோடு போகிறது. அவருடைய மொத்த இழப்பு ஒரு வருஷப் பிரீமியத்தில் பாதிதான். ஆகவே அதிக வருஷம் ஜாக்கிரதையாக ஓட்டியவருக்கே ஒரு சிறு கிளைமினால் அதிக நஷ்டம். "இத்தனை வருஷமாக ஒரு கிளைம்கூடச் செய்ததில்லை, இந்த ஒரு தடவை செய்தால் என்ன?" என்று கேட்பவர், எவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாதோ அவரேயாவார்.

இன்னொரு பிரமையும் இதனோடு சேர்ந்து உலவுகிறது. "இடித்தவன் அவன், என்மேல் தவறில்லை, ஆகையால் என் போனஸ் போகாது" என்று பலர் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். இந்தியாவில் இந்தத் தள்ளுபடிக்கும் குற்றம் யாருடையது என்பதற்கும் சம்பந்தமில்லை. அது கிளைம் செய்யாமைக்குத் தரப்படும் சலுகை. நல்லோட்டத்துக்குத் தரப்படும் நற்சான்று அன்று. நிறுத்திவைத்த வண்டியின்மேல் மரக்கிளை முறிந்து விழுந்தாலும், வெள்ளம் புகுந்தாலும், பெயர் தெரியாத எவனோ உரசிவிட்டு ஓடினாலும், நம் கம்பெனியிடம் சொந்தச் சேதத்துக்குப் பணம் பெற்றால் தள்ளுபடி போயிற்று. குற்றமற்றவனைத் தண்டிக்கும் விதி என்று இதைக் கண்டிக்க இடமுண்டு. ஆனால் விதி இருக்கும்வரை, அது இல்லாததுபோல் நடப்பது விவேகமாகாது.

இவ்வளவும் கேட்டபின் எதிர்க்கட்சிக்காரர் எழுப்பும் வாதம் ஒன்று மிஞ்சுகிறது: "அப்படியானால் இன்சூரன்ஸ்தான் எதற்கு? வருஷமெல்லாம் கட்டிவிட்டு, தேவைப்படும்போது கேட்கக் கூடாதென்றால் அது என்ன நியாயம்?" இந்தக் கேள்வியில்தான் மயக்கத்தின் மூலம் இருக்கிறது. கட்டிய பிரீமியம் நம் பெயரில் சேர்ந்து கிடக்கும் சேமிப்பு என்றும், அதைத் திரும்ப எடுக்காவிட்டால் நஷ்டம் என்றும் இக்கேள்வி அனுமானிக்கிறது. உண்மையில், ஒரு வருஷம் முழுவதும் நம் வண்டி எரிந்துபோனாலும், களவு போனாலும், உருக்குலைந்தாலும் நம் குடும்பம் தெருவுக்கு வராது என்ற அபயத்தை நாம் விலை கொடுத்து வாங்கினோம். அந்த வருஷம் முடிகையில் வாங்கிய பொருளை முழுவதும் அனுபவித்தாயிற்று. கூரை எரிந்தவனுக்கென்று ஊர் கூடிச் சேர்த்துவைத்த பொதுப் பணத்தில், ஓடு ஒன்று விரிசல் விட்டவனும் போய்க் கை நீட்டுவது முறையாகாது. அவன் கேட்கும் ஒவ்வொரு காசையும் மற்றவர்களும், அடுத்த வருஷம் அவனுமே, சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். தாங்க முடியாத நஷ்டத்துக்குக் காப்பு. தாங்கக்கூடிய செலவுக்குச் சொந்தப் பை. இன்சூரன்ஸ் என்ற ஏற்பாட்டின் தர்மமே இதுதான்.

அந்த தர்மம் மறந்துபோனதன் விளைவு, வெறும் கணக்குப் பிழையோடு நிற்கவில்லை. பாலிசி முடிவதற்குச் சில நாட்களுக்கு முன், வருஷமெல்லாம் அங்கங்கே விழுந்த கீறல்களையும் நசுங்கல்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே நாளில் ஒரே விபத்தில் நேர்ந்தவையாக எழுதிக்கொடுத்து, வண்டி முழுவதற்கும் பெயிண்டிங் செய்துகொள்ளும் வழக்கம் சர்வசாதாரணமாகிவிட்டது. ஒவ்வொரு சம்பவமும் தனித்தனி கிளைம் என்பதும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிடித்தம் உண்டு என்பதும் ஒருபுறமிருக்க, நடக்காத விபத்தொன்றை நடந்ததாக எழுதிக் கையெழுத்திடுவது பொய். மரியாதையுள்ள மனிதர்கள், வேறெங்கும் ஒரு ரூபாய்க்குப் பொய் சொல்லாதவர்கள், இங்கே கூசாமல் சொல்கிறார்கள். கட்டிய பணத்தைத்தானே வாங்குகிறோம் என்ற எண்ணம் அவர்கள் மனச்சாட்சிக்குச் சமாதானம் சொல்லிவிடுகிறது. இதே எண்ணம்தான், கிளைம் செய்தவரை வேறு கம்பெனிக்குப் போய், கிளைமே செய்யவில்லையென்று எழுதிக்கொடுத்துத் தள்ளுபடி பெறவும் தூண்டுகிறது. புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரித்து அறிய வழி இருக்கிறது. அந்த உறுதிமொழி பொய்யென்று தெரிந்தால் சொந்தச் சேதத்துக்கான உரிமை முழுவதும் பறிபோகும். அற்பத் தள்ளுபடிக்காகச் சொன்ன பொய், வண்டியே அழிந்துபோன நாளில் காப்பே இல்லாமல் அவரை நிறுத்திவிடக்கூடும்.

ஒர்க்‌ஷாப்புகள் இந்த நம்பிக்கையை வளர்ப்பதில் ஆச்சரியமில்லை. சொந்தப் பணம் கொடுப்பவர், பம்பரை மாற்றத்தான் வேண்டுமா, ஒட்டுப்போட்டுப் பெயிண்ட் அடித்தால் போதாதா, டிங்கரிங்கில் நிமிராதா என்று கேட்பார், பேரம் பேசுவார். இன்சூரன்ஸ் கொடுக்கிறதென்றால் ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே, "இன்சூரன்ஸில் போட்டுவிடலாமா?" என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்கும்போது, முதலில் கையிலிருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்ற எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது நம் கடமை. அதையும், பாலிசியில் தள்ளுபடிக்கு முன் எழுதியிருக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முடிவு செய்ய ஐந்து நிமிஷம் போதும்.

கிளைமில் இத்தனை ஆசை காட்டுகிறவர்கள், தமக்கு நியாயமாக உரிய தள்ளுபடியை எளிதில் நழுவவிடுவது வருந்தத்தக்கது. அந்தத் தள்ளுபடி வண்டிக்குச் சொந்தமன்று, வண்டிக்காரருக்குச் சொந்தம். பழைய காரை விற்று மூன்று வருஷத்துக்குள் புதியது வாங்கினால், கம்பெனியிடம் சான்று பெற்று அந்த 50 சதவீதத்தைப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். புது வண்டியின் பிரீமியம் பெரிது, அதில் பாதி பெருந்தொகை. இதை அறியாமல், விற்ற வண்டியோடு தள்ளுபடியும் போயிற்றென்று விட்டுவிடுகிறவர்கள் அநேகர். பாலிசி காலாவதியாகித் தொண்ணூறு நாள் தாண்டினாலும் அது அழிந்துபோகும்.

நான் சொல்வதைச் சேதத்தை மறைக்கச் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. மற்றொருவருக்குக் காயம்பட்டால், பிறர் சொத்துக்குச் சேதம் நேர்ந்தால், போலீஸுக்கும் கம்பெனிக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அங்கே தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமில்லை. என்ஜினிலோ சேஸிஸிலோ அடிபட்டு லட்சக்கணக்கில் செலவு வருமானால், போனஸ் போய்விடுமே என்று அஞ்சிக் கடன் வாங்குவதும் பேதைமைதான். அந்த நாளுக்காகவே பிரீமியம் கட்டினோம். நான் கண்டிப்பது, பெரிய ஆபத்துக்கென்று ஏற்பட்ட ஒரு பொது ஏற்பாட்டைச் சில்லறைச் செலவின் வசூல் சீட்டாக எண்ணும் மனப்பான்மையை. அந்த மனப்பான்மை நம்மைக் கெட்டிக்காரர்களாகக் காட்டி, நம் பணத்தையே எடுத்துக்கொள்கிறது. நாளடைவில் நம் வாய்மையையும் எடுத்துக்கொள்கிறது. பம்பரின் கீறலுக்குத் தன் பையிலிருந்தே கொடுத்துவிட்டுப் போகிறவன் ஏமாளியல்லன். தான் வாங்கியது என்ன, எதற்காக வாங்கினோம் என்று அறிந்தவன் அவன் ஒருவனே.