உண்ணாமுலையாள் ஊரிலே புட்டிப்பால்!

திருவண்ணாமலைக் கோயிலிலே அண்ணாமலையாருக்கு ஒரு சந்நிதி. அம்மனுக்கு ஒரு சந்நிதி. அம்மனின் பெயர் உண்ணாமுலை. பிள்ளை வாய்வைத்துப் பருகாத முலையுடையாள் என்று பொருள். நல்ல தமிழ்ப் பெயர் போதாதென்று அதனை அபீதகுசாம்பாள் என்று வடமொழியாக்கி வைத்தவர்களும் உண்டு. சீர்காழியில் அழுத பிள்ளைக்கும் அம்மை பாலைக் கிண்ணத்தில்தான் கொடுத்தாள் என்கிறது புராணம்.

புராணத்தோடு வழக்காட நாம் இன்று வரவில்லை. கற்சிலைக்கு உண்ணாமுலை என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். செங்கத்துக் கழனியிலே நாற்று நடுகிறவளுக்கும், கீழ்பென்னாத்தூரிலே களை எடுக்கிறவளுக்கும், ஜவ்வாது மலையிலே சாமை விதைக்கிறவளுக்கும் அந்தப் பெயர் வந்து சேர வேண்டாம் என்பதே நம் கவலை. அப்படி வந்து சேரும்படி செய்ய வல்ல சக்தி ஒன்று உலகிலே இருக்கிறது. அது தகரப் பெட்டியிலே அடைத்து, பளபளக்கும் தாள் ஒட்டி, மருந்துக் கடை அலமாரியிலே வரிசையாக நிற்கிறது.

அமெரிக்க நாட்டிலே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 2024 மார்ச் மாதம், இல்லினாய் மாநிலத்து நீதிமன்றம் ஒன்றில், குறைமாதத்தில் பிறந்த மகனைப் பறிகொடுத்த தாய்க்கு 6 கோடி டாலர் தரவேண்டுமென்று ஜூரிகள் கூறினர். எதிரி யார்? என்ஃபமில் என்ற பால்மாவைச் செய்யும் மீட் ஜான்சன் நிறுவனம். அதே ஆண்டு ஜூலையிலே செயின்ட் லூயி நகரில் இன்னொரு தீர்ப்பு: சிமிலாக் செய்யும் அபாட் நிறுவனம் 49 கோடியே 50 லட்சம் டாலர் தரவேண்டும்! அதிலே 40 கோடி டாலர், நட்டத்தை ஈடுகட்ட அல்ல, தண்டனையாக. நம் நாணயத்திலே மொத்தம் 4,000 கோடி ரூபாய்க்கு மேல். குற்றச்சாட்டு என்ன? பசும்பாலிலிருந்து செய்யப்பட்ட அந்தப் பால், குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் நோய் வரும் அபாயத்தைக் கூட்டுகிறது. அது தெரிந்தும் நிறுவனத்தார் எச்சரிக்கவில்லை என்பது.

அந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் நெக்ரோடைசிங் என்டெரோகோலைட்டிஸ். வாயில் நுழையாத பெயர். பிஞ்சுகளின் வயிற்றில் மட்டும் எளிதாக நுழைந்துவிடும்! குடல் அழுகல் என்று சொன்னால் நமக்கு விளங்கும். 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தைக்குக் குடல் முற்றுவதில்லை. அதிலும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த சிசுவின் குடல், மழையில் நனைந்த காகிதம் போன்றது. வீக்கம் காண்கிறது, இரத்த ஓட்டம் குன்றுகிறது, குடற்சுவர் செத்துக் கிழிகிறது, கிருமிகள் இரத்தத்திலே கலக்கின்றன. வயிறு உப்பி, பச்சையாக வாந்தியெடுத்து, சில மணி நேரத்திலே கைமீறிப் போவதும் உண்டு. குடலை வெட்டியெடுத்துப் பிழைக்க வைத்தாலும் சில பிள்ளைகளின் வளர்ச்சி ஆயுளுக்கும் பின்தங்கிப் போகிறது. இந்நோய்க்கு எதிராக உள்ள கேடயங்களிலே தலையாயது தாய்ப்பால். தன் தாயின் பால் இல்லையேல் வேறொரு தாயின் பால். மாவுப்பால் குடித்த சிசுக்களைக் காட்டிலும், தானமாகப் பெற்ற தாய்ப்பாலைக் குடித்த சிசுக்களிடையே இந்நோய் ஏறத்தாழப் பாதியளவே காணப்படுகிறது என்பது பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்களின் முடிவு.

நீதி பேச வந்தவர்கள் மறுபக்கத்தையும் பேச வேண்டும். மாவுப்பால் நஞ்சு என்று கூவ நாம் வரவில்லை. தாய் இறந்துவிட்டாள், அல்லது தாய்க்குப் பால் சுரக்கவில்லை, பக்கத்திலே பால் வங்கியும் இல்லை என்றால் மருத்துவர் என்ன செய்வார்? சிசுவைப் பட்டினி போடுவாரா? 2024 அக்டோபரில் அமெரிக்க அரசின் மூன்று சுகாதார நிறுவனங்கள் சேர்ந்து அறிக்கை விட்டன: மாவுப்பால்தான் அந்நோயை உண்டாக்குகிறது என்பதற்கு முடிவான சான்று இல்லை, தாய்ப்பால் இல்லாமையே அபாயத்தைக் கூட்டுகிறது என்றன. அதே மாத இறுதியில் செயின்ட் லூயியில் மற்றொரு ஜூரி நிறுவனங்களின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 2025 மார்ச்சில் நீதிபதி அதனை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். சிகாகோவின் மத்திய நீதிமன்றத்திலே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட வழக்குகள் சில, 2025இல் சாட்சியம் போதவில்லை என்று தள்ளப்பட்டன. ஆகவே வழக்கு முடிந்துவிட்டது, வெற்றி முரசு கொட்டுவோம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘மாவுப்பால் கொல்லவில்லை, தாய்ப்பால் கிடைக்காததுதான் ஆபத்து’ என்ற வாதம் நிறுவனங்களைக் காப்பாற்றலாம். ஆளவந்தார்களைக் காப்பாற்றுமா? தாய்ப்பால் கிடைக்காமற்போனது ஏன் என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது!

நம் நாட்டிலே சட்டம் இல்லையா? இருக்கிறது. 1981 மே மாதம் ஜெனீவாவிலே உலக சுகாதார மன்றம் கூடி, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களுக்கான நெறிமுறையை ஏற்றது. ஆதரவு 118 நாடுகள். எதிர்ப்பு ஒன்றே ஒன்று – அமெரிக்கா! அந்த நாட்டு நீதிமன்றங்களிலேதான் இன்று தாய்மார்கள் நின்று வாதாடுகிறார்கள் என்பதைக் காலத்தின் வேடிக்கை என்பதா, விதைத்தவர் அறுக்கிறார் என்பதா? அதற்கு முன்பே, 1974இல் ஒரு ஆங்கிலத் தொண்டு நிறுவனம் ‘குழந்தைக் கொலையாளி’ என்ற துண்டு நூலை வெளியிட்டது. அதனை ஜெர்மன் மொழியில் ‘நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது’ என்ற தலைப்பில் போட்ட சுவிஸ் இளைஞர்கள் மீது நெஸ்லே அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976இல் ஆளுக்கு 300 பிராங்க் அபராதம் விதித்த நீதிபதி, நிறுவனத்தாரையும் நோக்கி, உங்கள் விளம்பர முறையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வழக்கிலே நெஸ்லே வென்றது. உலகத்தின் முன்னே தோற்றது. மறு ஆண்டு தொடங்கிய பகிஷ்காரம் கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்தது.

இந்தியாவில் 1992இல் சட்டம் பிறந்தது. 1993 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2003இல் திருத்தி இறுக்கப்பட்டது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான உணவுக்கும், பால் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. பெட்டியிலே குழந்தையின் படமோ தாயின் படமோ கூடாது. மருத்துவருக்கும் மருத்துவர் சங்கத்துக்கும் பரிசு, மாநாட்டுச் செலவு, ஆராய்ச்சிப் பணம் எதுவும் கூடாது. படித்தால் பெருமையாக இருக்கிறது. கொழுகொழுவென்ற பிள்ளையைக் கண்டால் ‘கிளாக்ஸோ பேபி’ என்று கொஞ்சிய தலைமுறை நம்முடையது. அந்த மாயையை உடைக்க வந்த சட்டம் இது. பாராட்டுகிறோம்.

தண்டனைப் பகுதிக்கு வாருங்கள். மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘அல்லது’ என்ற சொல்லுக்கு எவ்வளவு வலிமை பாருங்கள்! ஆயிரக்கணக்கான கோடி வாணிபம் நடத்தும் சீமான்களுக்கு உச்ச அபராதம் 5,000 ரூபாய்! அங்கே ஒரு பிள்ளைக்கு 4,000 கோடி. இங்கே ஒரு குற்றத்துக்கு ஐயாயிரம். ஏட்டிலே எழுதியபோதே அது சிறுதொகை. இத்தனை ஆண்டுகளில் விலைவாசியெல்லாம் ஏறியிருக்க, அந்த எண் மட்டும் அசையாமல் நிற்கிறது. டில்லியிலே கட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினர், அந்த எண் மாறவில்லை.

இதைவிடக் கொடிது ஒன்று உண்டு. இந்தச் சட்டத்தின்கீழ் யார் வழக்குத் தொடரலாம்? அரசு அதிகாரம் அளித்த அலுவலரும், மத்திய அரசு அறிவிக்கை செய்த சில தொண்டு அமைப்புகளும் மட்டுமே. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தப் பட்டியலிலே இடமில்லை! மும்பையைச் சேர்ந்த நுகர்வோர் அமைப்பு ஒன்று, லேபிள் விதிகளை மீறியதாக 1994இலேயே நெஸ்லே மீது டில்லியில் வழக்குப் போட்டது. அது எத்தனை ஆண்டு இழுத்தடிக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள், தண்டராம்பட்டுத் தாயொருத்தி நீதிமன்றம் ஏறுவது எந்த யுகத்தில் என்று கேட்பார்கள்.

நுகர்வோர் மன்றம் இருக்கிறதே, 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலே பொருளால் விளைந்த கேட்டுக்கு இழப்பீடு கேட்க ஓர் அத்தியாயமே இருக்கிறதே என்பார்கள் சட்டம் படித்த நண்பர்கள். இருக்கிறது. அங்கே முதற் கேள்வி என்னவாக இருக்கும்? ‘அம்மா, உன் பிள்ளைக்கு என்ன பால் கொடுத்தார்கள்? எந்த நாள்? யார் சொல்லி?’ அவளுக்கு என்ன தெரியும்! கண்ணாடிக்கு அப்பால் சிசு, இப்பால் அவள். ‘பால் பத்தலை, போய் இதை வாங்கி வாங்க’ என்று ஒரு சீட்டு. வீட்டுக்காரர் தேரடி வீதிக்கு ஓடுகிறார். ஒரு பெட்டிக்கு ஒரு நாள் கூலி போகிறது. சீட்டு கடையிலே போகிறது, பெட்டி குப்பையிலே போகிறது, சாட்சியம் அதோடு போகிறது. எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். இது ஓரிடத்துக் கதையன்று.

வீடு வந்த பிறகு கதை வேறு விதமாகத் தொடர்கிறது. பெட்டி பத்து நாள் வர வேண்டுமே என்று நாலு கரண்டிக்குப் பதில் இரண்டு கரண்டி. மாவு கிருமியற்றது என்பது பலருடைய எண்ணம், அது தவறு. அபாட் நிறுவனத்தின் மிச்சிகன் தொழிற்சாலையிலே குரோனோபாக்டர் என்ற கிருமி காணப்பட்டு, 2022இல் பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டதும், அந்நாட்டுக் கடைகளிலே பால்மாவுப் பஞ்சம் வந்ததும் அண்மைச் செய்தி. 70 பாகை வெப்பத்துக்குக் குறையாத நீரிலே கரைக்க வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுப்புக்கு விறகு பொறுக்குகிறவள் ஒவ்வொரு வேளைக்கும் அதைச் செய்வாளா? புட்டியைவிடக் கிண்ணமும் பாலாடையும் மேல் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். புராணத்து அம்மை அந்த மட்டில் சரியாகத்தான் நடந்திருக்கிறாள்!

நம் வீட்டுக் குற்றத்தையும் மறைக்க வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை தொட்டு வைக்கிறோம். தெருவிலே கழுதை வந்தால் கழுதைப் பாலைச் சங்கிலே புகட்டுகிறோம். இதுவும் பகுத்தறிவுக்குப் பகையே.

தமிழ்நாட்டிலே பிரசவங்களில் நூற்றுக்கு 99க்கு மேல் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது இந்நாட்டுக்கே எடுத்துக்காட்டு. ஆனால் 2019-21 குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 45 பிரசவம் அறுவைச் சிகிச்சை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே அருந்துவது சுமார் 55 பேர். மருத்துவமனைக்கு வந்த தாயைப் பாலூட்டாமல் அனுப்புகிறோம் என்றல்லவா கணக்குச் சொல்கிறது! 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களிலே பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் தாய்ப்பால் வங்கிகளும் வந்தன. திறந்தது மாற்றுக் கட்சியின் ஆட்சி. நல்லதை நல்லதென்று சொல்ல நமக்கு நா கூசாது. அந்த அறைகளிலே இன்று எத்தனை பூட்டிக்கிடக்கின்றன என்று கேட்கவும் கூசாது.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையிலே தோன்றியது. அதற்கு வேண்டியது ராக்கெட் விஞ்ஞானமல்ல: சுத்தமாகக் கறக்க ஒரு கருவி, 62.5 பாகையில் அரைமணி காய்ச்ச ஒரு கலம், உறையவைக்க ஒரு பெட்டி, தாய்மாரோடு பேசத் தெரிந்த செவிலியர். சிசு சிகிச்சைப் பிரிவு உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதை வை என்கிறோம். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் வழியாக மலையிறங்கி வருகிற தாய்க்குச் சிசுவின் பக்கத்திலே படுக்கை கொடு. அவளைப் பிரிப்பதுதான் பாலை வற்றச் செய்கிறது. அவள் தங்கும் நாளுக்குக் கூலியிழப்பை ஈடுகட்டு. அரசு ஊழியப் பெண்ணுக்கு 12 மாத விடுப்பு உண்டு, மகிழ்ச்சி. களத்துமேட்டுப் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் பெயரிலான 18,000 ரூபாயைத் தவிர வேறென்ன உண்டு?

டில்லியை நோக்கியும் கேட்கிறோம். அந்த ஐயாயிரத்தை விற்பனையின் அளவுக்கேற்ப உயர்த்து. தாயே வழக்காட வழி திற. குறைமாதக் குழந்தைக்கான பெட்டியிலே ‘குடல் அழுகல்’ என்ற எச்சரிக்கையைத் தமிழிலே, தமிழ் படிப்போர் கண்ணுக்குத் தெரியும் எழுத்திலே அச்சிடு. எந்த வேளை என்ன பால், எவர் உத்தரவின்பேரில் என்பதை எழுதிப் படியொன்றைத் தாயின் கையிலே கொடுக்குமாறு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கட்டளையிடு.

திருவண்ணாமலை மாவட்டத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துப் பாலூட்டும் அறை திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, உள்ளே துடைப்பமும் மூட்டையும் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று நேரிலே பாருங்கள். வருகிற பௌர்ணமியன்று மலைசுற்றக் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் எங்கே உட்கார்ந்து பாலூட்டுகிறார்கள் என்றும் பாருங்கள். பார்த்த நாள், நேரம், இடம் குறித்து நமக்கு எழுதுங்கள், வெளியிடுவோம்.