முதல் தவறு எங்கே நிகழ வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவ மாணவர்கள் பயிலும் ஒரு பெரிய மருத்துவமனை அது. இந்தச் சிகிச்சைக்குப் பொதுவாக முழு மயக்கம் தருவதில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். ஆகவே, அந்த அறையில் பேசப்பட்டவை எல்லாம் அம்மாவின் காதில் விழுந்தன. "மெதுவாக... அவ்வளவு ஆழம் வேண்டாம்... சரி, கையை எடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மூத்தவர் ஒருவர் யாருக்கோ சொல்லிக்கொண்டே இருந்தாராம். பார்வை நன்றாகவே திரும்பியது. ஆனால், வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு நான் எத்தனையாவது கண்ணுப்பா?"

என்னிடம் பதில் இல்லை. எந்த மருத்துவர் மீதும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்று கைராசிக்காரர் என்று கொண்டாடப்படும் ஒவ்வோர் அறுவை மருத்துவருக்கும் ஒரு முதல் நோயாளி இருந்திருப்பார். முதல் முறை என்பதைத் தவிர்க்க முடியாது. ஆனால், முதல் தடுமாற்றம் உயிருள்ள உடலில்தான் நிகழ வேண்டுமா என்று கேட்கும் காலம் வந்துவிட்டது.

'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி' என்பது மருத்துவக் கல்வியில் நெடுங்காலமாக வழங்கும் வாசகம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த பயிற்சி முறையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். வயிற்றை அகலத் திறந்து செய்யும் சிகிச்சைகளில் அம்முறை ஓரளவு பொருந்தியது. ஆசிரியரின் கை மாணவரின் கைக்கு அருகிலேயே இருந்தது. தவறு நேரும் முன் தடுக்க முடிந்தது.

1980-களின் பிற்பகுதியில் பித்தப்பையை லேப்ராஸ்கோபி முறையில் அகற்றும் சிகிச்சை பரவத் தொடங்கியபோது நிலைமை மாறியது. சிறு துளைகள் வழியே நீண்ட கருவிகளைச் செலுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை அது. கையை வலப்புறம் அசைத்தால் கருவியின் முனை இடப்புறம் நகரும். தட்டையான திரையில் ஆழம் தெரியாது. கண்புரை சிகிச்சையிலோ, லென்ஸைத் தாங்கும் உறையின் பின்சுவர் அதன் மையத்தில் சுமார் 4 மைக்ரான் பருமன்தான். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இத்தகைய வேலைகளைப் பார்த்து மட்டும் கற்க முடியாது. கை பழக வேண்டும், பழகும்வரை தவறும்.

அந்தப் பழக்கத்துக்காகவே மெய்நிகர் பயிற்சிக் கருவிகள் வந்தன. கண் மருத்துவப் பயிற்சிக்கான கருவியில் ஒரு பொம்மைத் தலையும், அதில் ஒரு செயற்கைக் கண்ணும் இருக்கும். மாணவர் நுண்ணோக்கி வழியே பார்த்தால், கணினி உருவாக்கிய கண்ணின் உட்புறம் முப்பரிமாணத்தில் தெரியும். கருவியைச் செலுத்தும்போது எங்கே நடுங்கினார், எதைத் தேவையின்றித் தொட்டார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பதெல்லாம் பதிவாகும். உறையை நூறு முறை கிழித்தாலும், நூற்றோராவது முறைக்குப் புதிய கண் காத்திருக்கும்.

இது வெறும் விளையாட்டு அல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2002-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் வெளியாயின. பயிற்சி மருத்துவர்கள் 16 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் மெய்நிகர் பயிற்சி அளித்தனர். பின்னர் அனைவரும் உண்மையான பித்தப்பை சிகிச்சையில் பங்கேற்றனர். யார் எந்தப் பிரிவு என்று மதிப்பிட்டவர்களுக்குத் தெரியாது. மெய்நிகர் பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் விரைவாக முடித்தனர். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, தொடக்கூடாத திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது.

என் தாயாரின் கேள்விக்கு இன்னும் நெருக்கமான சான்று பிரிட்டனில் இருக்கிறது. முதலிரண்டு ஆண்டுகளில் இருந்த 265 பயிற்சிக் கண் மருத்துவர்கள் செய்த 17,831 கண்புரை சிகிச்சைகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான அறிக்கை அது. லென்ஸின் பின்சுவர் கிழியும் விகிதம் 2009-இல் 4.2 சதவீதமாக இருந்தது, 2015-இல் 2.6 சதவீதமாகக் குறைந்தது. முழுக் குறைவுக்கும் கருவி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், மெய்நிகர் பயிற்சி பரவியதோடு இந்தக் குறைவு தொடர்புடையது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஒவ்வொரு நூறு பேரிலும் ஒருவர் அல்லது இருவர் என்பது புள்ளிவிவரத்தில் சிறிது. அந்த ஒருவருக்கு அதுவே அவருடைய கண்.

நம் நாட்டில் இது நீதி தொடர்பான கேள்வியும்கூட. வசதி படைத்தவர் மருத்துவரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கிறார். ஏழை, எந்தக் கை வாய்க்கிறதோ அந்தக் கையை ஏற்கிறார். ஆக, கற்றலின் விலையைப் பெரும்பாலும் ஒரு தரப்பினரே செலுத்துகிறார்கள். அதைச் செலுத்துகிறோம் என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. "நம் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கா பஞ்சம்? கருவி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அந்த எண்ணிக்கைக்குள் இருப்பவர்களும் மனிதர்கள்தாம் என்பதே அதற்குப் பதில்.

மூத்த மருத்துவர்களின் இன்னொரு தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. எதிர்பாராத இரத்தப்போக்கின்போது நிதானம் இழக்காதிருப்பதையும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற முடிவையும், நோயாளியின் அச்சத்தைப் புரிந்துகொள்வதையும் கருவி கற்பித்துவிடாது. திசுவைத் தொடும் உணர்வையும் பல கருவிகள் முழுமையாகத் தருவதில்லை. உண்மை. ஆனால், கை பழகாத மாணவரின் கவனம் முழுவதும் கையிலேயே இருக்கும். கை முன்பே பழகியிருந்தால்தான், ஆசிரியர் அருகில் நின்று சொல்லும் நுட்பங்கள் அவர் மனத்தில் பதியும்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளின்படி ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் திறன் பயிற்சிக் கூடம் இருந்தாக வேண்டும். அதன் பரப்பளவுகூட வரையறுக்கப்பட்டிருக்கிறது. நல்ல தொடக்கம். எனினும், கூடத்தின் சதுர மீட்டரை அளப்பது எளிது. அங்கே பயின்ற கையை அளப்பதே முக்கியம். யேல் ஆய்வில் மாணவர்கள் இத்தனை மணி நேரம் பயில வேண்டும் என்று விதிக்கவில்லை. அனுபவமிக்கவர்கள் அதே கருவியில் எட்டிய தரத்தைத் தாங்களும் எட்டும்வரை அவர்கள் பயின்றனர். அமெரிக்காவில் பொது அறுவை மருத்துவராகச் சான்று பெற, லேப்ராஸ்கோபி அடிப்படைத் திறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்தாண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது. அதன் செய்முறைத் தேர்வுக்கு மெய்நிகர் கருவிகூடத் தேவையில்லை. ஒரு பெட்டியும் கேமராவும் திரையும் போதும்.

ஆகவே, நம் கல்லூரிகள் அனைத்தும் விலை உயர்ந்த கருவிகளை உடனே வாங்க வேண்டும் என்று கோரவில்லை. எளிய பெட்டிப் பயிற்சி எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கட்டும். மெய்நிகர் கருவிகளைச் சில கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளும் மண்டல மையங்களில் வைக்கலாம். முதுநிலை மாணவரின் பணிப்பட்டியலில் பயிற்சிக்கென நேரம் ஒதுக்கப்பட வேண்டும். இரவுப் பணி முடித்துத் தள்ளாடி வருபவரிடம் கருவியின் சாவியைக் கொடுப்பதில் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வரையறுத்த தரத்தை எட்டாதவர் நோயாளியின் மீது கத்தி வைக்கக் கூடாது என்பது விதியாக வேண்டும். சிகிச்சையில் பயிற்சி மருத்துவர் பங்கேற்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லி, ஒப்புதல் பெறுவதும் அதன் பகுதியாக வேண்டும்.

அம்மாவிடம் அன்று யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பிள்ளைகள் படிக்கத்தானே வேண்டும் என்பார். "அவருக்கு இது முதல் கண்தான் அம்மா. ஆனால், கருவியில் நூறு முறை செய்து, தேர்வில் தேறிய பிறகே உங்களிடம் வந்திருக்கிறார்" என்று அவரைப் போன்ற ஒருவரிடம் சொல்ல முடிகிற நாளை நம் மருத்துவக் கல்வி கொண்டுவர வேண்டும்.