கண்டேன் என்றால் போதுமா?

கனடாவின் கேத்ரின் கிரே பத்து வயதில் ஒரு சுப்பர்நோவாவைக் கண்டுபிடித்தாள். இக்கதையைச் சொல்பவர்கள் "பத்து வயது!" என்று வியந்து தொடங்கி, அந்த வியப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். அவள் கண்டதைவிட, கண்டதன்பின் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது என்பது என் கருத்து.

2010 டிசம்பர் 31ஆம் திகதி இரவு, நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் தன் வீட்டிலேயே சிறு வானாய்வகம் வைத்திருந்த டேவிட் லேன் பல கலக்சிகளைப் படம் பிடித்தார். கேத்ரினின் தந்தை போல் கிரே அவருடைய நண்பர். புத்தாண்டு விடுமுறையில் தந்தையும் மகளும் கணினி முன் அமர்ந்து அப்படங்களைப் பார்த்தார்கள். ஒரே கலக்சியின் பழைய படமும் புதிய படமும் மாறி மாறித் திரையில் தோன்றும். இரண்டிலும் உள்ள புள்ளிகள் அப்படியே நிற்கும். புதிதாக வந்த புள்ளி மட்டும் கண்சிமிட்டும். யூ.ஜி.சி. 3378 என்ற கலக்சியில் அப்படிச் சிமிட்டிய ஒரு புள்ளியைக் கேத்ரின் காட்டினாள். ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறிய ஒளி அது.

ஆனால் அந்த நேரத்தில் அது வெறும் புள்ளிதான். குறுக்கே வந்த சிறுகோளாக இருக்கலாம். கமராவின் குறையாக இருக்கலாம். வேறொருவர் முன்பே அறிவித்ததாகவும் இருக்கலாம். சிறுகோள்களின் பட்டியலும், அறியப்பட்ட சுப்பர்நோவாக்களின் பட்டியலும் பார்க்கப்பட்டன. பிறகு அமெரிக்காவின் இலினோயிலும் அரிசோனாவிலும் இருந்த இரு வானியல் ஆர்வலர்கள் தாமே பார்த்து உறுதிப்படுத்தினார்கள். 2011 ஜனவரி 3ஆம் திகதி கனேடிய அரச வானியற் சங்கம் செய்தியை வெளியிட்டது. எஸ்.என். 2010எல்டி என்று அதற்குப் பெயரானது.

சிறுபிள்ளையின் சொல் என்று அதை ஒதுக்கவும் இல்லை, சிறுபிள்ளை ஆசைப்படுகிறாள் என்று சோதிக்காமல் ஏற்கவும் இல்லை. இதைத்தான் நான் மரியாதை என்பேன்.

பிறை பார்க்கும் நமக்கு இது புதிதல்ல. "கண்டேன்" என்பவரிடம் எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, கூட யார் கண்டது என்று கேட்கிறோம். அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. 1006ஆம் ஆண்டில் தோன்றிய சுப்பர்நோவாவை எகிப்தில் கண்ட அலி இப்னு ரிழ்வான், அப்போது கல்வியைத் தொடங்கியிருந்த ஓர் இளைஞர். பிற்காலத்தில் தொலமியின் நூலுக்கு உரை எழுதியபோது, பெரிய ஒளியைக் கண்டேன் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. சூரியனும் கோள்களும் அன்று எந்த இராசியில் எத்தனை பாகையில் நின்றன என்பதையும் எழுதிவைத்தார். அதைக்கொண்டே இன்றைய ஆய்வாளர்களால் 1006 ஏப்ரல் 30 என்று நாளைக் கணிக்க முடிந்தது. சீனாவிலும் ஜப்பானிலும் எழுதப்பட்ட குறிப்புகளும் அதே காலத்தையே காட்டுகின்றன.

இனி எங்கள் வீட்டுக் கதை. ஆறாம் தரத்தில் படிக்கும் என் தங்கை, ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு யன்னலருகே நின்று, "ராத்தா, பக்கத்து வீட்டுத் தென்னைக்கு மேலே புது நட்சத்திரம் வந்திருக்கு" என்றாள். நானா சிரித்தார். உம்மா, "யன்னலைச் சாத்துங்க, நுளம்பு வருது" என்றார். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் நான் சொன்னது, "பேசாமல் படி." அது வெள்ளிக் கோளாக இருந்திருக்கலாம். ஆனால் அதை இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் எங்களில் ஒருவரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் இயந்திரங்களே வானம் முழுவதையும் படமெடுத்துத் தேடுகின்றன, பிள்ளைகளுக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 2023 மே 19ஆம் திகதி, மெசியே 101 என்ற கலக்சியில் ஒரு சுப்பர்நோவாவை முதலில் அறிவித்தவர் ஜப்பானிய வானியல் ஆர்வலர் கொய்ச்சி இத்தகாக்கி. சில மணி நேரத்துக்குள் அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐதரசனின் அடையாளம் தெரிந்தது. இரண்டாம் வகைச் சுப்பர்நோவா என்று உறுதியானது. அதன்பின் சிலர் தங்கள் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், அவர் அறிவிப்பதற்கு முன்பே அவற்றில் அந்தப் புள்ளி இருந்திருக்கிறது! படம் கையிலிருந்தும் பார்க்கவில்லை. எந்த இயந்திரம் வந்தாலும் அந்தக் குறை தீராது.

பெற்றோரிடம் ஒன்று கேட்க வேண்டும். இரவில் பெண்பிள்ளை வெளியே நிற்பதா என்ற கவலை புரிகிறது. கேத்ரினும் வெளியே நிற்கவில்லை, வீட்டில் வாப்பாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தொலைகாட்டி வாங்கித் தரச் சொல்லவில்லை. மகள் ஒன்றைக் கண்டதாகச் சொன்னால், "மாஷா அல்லாஹ், கெட்டிக்காரி" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "எங்கே, காட்டு" என்று எழுந்து போங்கள். அது தவறாக இருந்தால் தவறு என்று அவளே கண்டுபிடிக்கட்டும். பரீட்சையில் சரியான விடைக்கு மட்டும் புள்ளி வாங்கிப் பழகிய எங்களுக்கு, பிழையைத் தேடிப் பார்ப்பது இலகுவாக வருவதில்லை. நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தங்கைக்கு ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். திகதி, நேரம், திசை, கூடக் கண்டவர் என்று கோடு போட்டிருக்கிறாள். இதுவரை ஏழு குறிப்புகள். மூன்றாவதில் "நானாவும் கண்டார்" என்று இருக்கிறது. ஐந்தாவதை அவளே வெட்டி, பக்கத்தில் "விமானம்" என்று எழுதியிருக்கிறாள்.