விளையாட்டுச் சாமானுக்குச் சட்டம் உண்டு, துவக்குக்கு இல்லை

சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் வாழும் என் சகோதரியின் மகன் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பன்னிரண்டு வயது மகனையும் என்னையும் சூட்டுப் பயிற்சித் திடலுக்கு அழைத்துச் சென்றான். பெட்டியிலிருந்து அவன் எடுத்தது பழைய கௌபோய் படங்களில் வருவது போன்ற ஒரு ரிவோல்வர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ மாமா, இது சும்மா விளையாட்டுச் சாமான் மாதிரித்தான்" என்றான்.

நான் அதைத் தொடவில்லை. வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற விதிவிலக்கு ஏதும் இல்லாமல், பயண விசாவில் வந்த வெளிநாட்டவன் துவக்கைக் கையில் எடுப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். என் கையைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் சட்டம், அந்தத் துவக்கின் தரத்தைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறது? ஊர் திரும்பிய பின் தேடிப் படித்தேன். கிடைத்த விடை என்னைக் கோபப்படுத்தியது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது 'சிங்கிள் அக்ஷன்' வகை. ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். விசை அதை விடுவிக்க மட்டுமே செய்யும். ரவைகளையும் ஒவ்வொன்றாகத்தான் இட முடியும். அது பயன்படுத்துவது பொயின்ற் இருபத்திரண்டு ரவை. வெடிக்கவைக்கும் கலவை அதன் அடி விளிம்புக்குள் இருக்கிறது. விளிம்பு நசுங்கினால் வெடிக்கும். செய்வது எளிது, விலை குறைவு, உதைப்பும் மிகச் சிறிது. ஹெரிட்டேஜ் கொம்பனியின் ரஃப் ரைடர் இவ்வகையில் மலிவுக்குப் பெயர் போனது. 2019 இல் ரூகர் கொம்பனி 249 டொலர் விலைப்பட்டியலுடன் ராங்லரை இறக்கிப் போட்டிக்கு வந்தது. அதே கொம்பனியின் பழம்பெரும் சிங்கிள் சிக்ஸ் அதைப் போல் இரு மடங்குக்கும் அதிக விலை.

மலிவு என்பதற்காக நான் இதைக் குறை சொல்லவில்லை. தகரக் குவளை விழுந்தபோது அந்தச் சிறுவனின் முகத்தில் தெரிந்தது கொலை வெறியல்ல, ஊரில் மாங்காய்க்குக் கல்லெறிந்து வீழ்த்திய எங்கள் அதே மகிழ்ச்சிதான். செல்வந்தனுக்கு உள்ள பொழுதுபோக்கு தொழிலாளிக்கும் கிடைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை.

என் ஆட்சேபம் 'விளையாட்டுச் சாமான்' என்ற சொல்லுக்கு. 1968 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸில் ரொபேட் கென்னடியைக் கொன்றது இந்தச் சிறிய ரவையே. 1981 மார்ச்சில் ஜனாதிபதி ரீகனின் உடலுக்குள் புகுந்ததும், அவருடைய ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியை ஆயுள் முழுதும் முடமாக்கியதும் இதே ரவையே. அந்த இரு ரிவோல்வர்களும் வேறு பொறிமுறை கொண்டவை என்பது உண்மை. ஆனால் துளைப்பது பொறிமுறையல்ல, சன்னம். துவக்குக்குத் தோழர்களைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

யாரும் சுடாமலே சுடுகின்ற துவக்கும் உண்டு. 1873 ஆம் ஆண்டின் கோல்ட் வடிவமைப்பில், சுத்தியல் கீழே இருக்கும்போது அதன் ஊசி ரவையின் மேலேயே தங்கும். துவக்கு கைதவறிச் சுத்தியல் தரையில் மோதினால் வெடிக்கலாம். ஆகவே விவரம் அறிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டுமே நிரப்பி, சுத்தியலின் கீழ் வெற்றறையை வைத்தார்கள். ரூகர் 1953 இல் சிங்கிள் சிக்ஸை வெளியிட்டபோதும் இந்த ஆபத்து தொடர்ந்தது. விழுந்து வெடித்துக் காயப்பட்ட பலர் வழக்குத் தொடுத்தனர். 1973 இல்தான் கொம்பனி சுத்தியலுக்கும் ஊசிக்கும் இடையே ஒரு சிறு உலோகத் தகட்டை வைத்தது. விசையை இழுத்தால் மட்டுமே அது மேலெழுந்து அடியைக் கடத்தும். பழைய துவக்குகளுக்கும் இத்திருத்தத்தை இலவசமாகச் செய்து தருவதாக 1982 இல் அறிவித்தது. அது நற்செயலே. ஆனால் ஒரு சிறிய தகடு வர இருபது ஆண்டுகள் சென்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் அரசு எங்கே இருந்தது? நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் 1972 இல் வந்தபோது துவக்குகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. 1976 திருத்தம் அந்தக் கதவை மேலும் இறுக்கிப் பூட்டியது. பாண் வாட்டும் கருவி பழுதென்றால் மத்திய ஆணைக்குழு அதைச் சந்தையிலிருந்து மீளப்பெறச் செய்யலாம். பழுதான ரிவோல்வரை மீளப்பெறுமாறு கட்டளையிட அங்கு ஒரு மத்திய அலுவலகமும் இல்லை. ஆனால் 1988 இல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது: விளையாட்டுத் துப்பாக்கியின் நுனியில் செம்மஞ்சள் அடையாளம் இருக்க வேண்டும். ஆக, என் மருமகனின் ரிவோல்வர் மெய்யாகவே விளையாட்டுச் சாமானாக இருந்திருந்தால், அதற்கு இதைவிடக் கூடிய சட்டப் பாதுகாப்பு இருந்திருக்கும்!

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை என்பார்கள். கலிபோர்னியாவில் 2001 முதல் கைத்துப்பாக்கிகளைக் கீழே விழவிட்டுச் சோதிக்கும் சட்டம் நடைமுறையில் உள்ளது. விழுந்து வெடிப்பதற்குப் பெயர்போன சிங்கிள் அக்ஷன் ரிவோல்வர்களோ, குறித்த நீளமும் குறைந்தது ஐந்து அறைகளும் இருந்தால், அச்சோதனையிலிருந்து விலக்குப் பெறுகின்றன. இலினோயில் வார்ப்புத் துத்தநாகக் கலவைச் சட்டகம் 800 பாகை பரனைற்றுக்குக் கீழே உருகினால் கடைக்காரர் அக்கைத்துப்பாக்கியை விற்கக் கூடாது. அடுப்பில் உருகுமா என்று கேட்கும் சட்டம், விழுந்தால் வெடிக்குமா என்று கேட்பதில்லை. மலிவுத் துவக்குகளை ஒழிப்பதே இத்தகைய சட்டங்களின் நோக்கம். அவை தடுப்பது ஏழையின் பணப்பையை, ஆபத்தை அல்ல.

'சந்தையே திருத்திவிட்டதே, இன்று ராங்லரிலும் அந்தத் தகடு இருக்கிறதே' என்று மருமகன் வாதிட்டான். இருக்கிறது. ஆனால் அவன் கையிலிருந்த ரஃப் ரைடரின் பாதுகாப்பு, பக்கவாட்டில் உள்ள ஒரு சிறு நெம்பு. அதை மனிதன் நினைவாக நகர்த்த வேண்டும். தானே காக்கும் தகடும், ஞாபகம் இருந்தால் காக்கும் நெம்பும் ஒன்றல்ல. இரண்டில் எது வேண்டும் என்பதைக் கொம்பனியின் விருப்பத்திற்கு விடுவது சட்டமாகாது. 'நீதிமன்றம் இருக்கிறதே' என்பதும் பதிலல்ல. அதன் கதவு திறப்பது யாரோ ஒருவரின் கால் துளைபட்ட பின்னர்தான்.

மலிவு ரிவோல்வரைத் தடை செய்யுமாறு நான் கேட்கவில்லை. பாண் வாட்டும் கருவிக்கு உள்ள சட்டம் அதற்கும் வேண்டும் என்கிறேன். விழுந்தால் வெடிக்காது என்ற உத்தரவாதம் 200 டொலர் துவக்குக்கும் 800 டொலர் துவக்குக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்தச் சிறுவன் அன்று ஆறு அறைகளையும் நிரப்பினான். ஐந்தோடு நிறுத்தும் அந்தப் பழைய வழக்கத்தை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.