யாருக்குப் பதிலாக?

சொந்த மண்ணில் டெஸ்ட் தொடர் வருகிறது என்றால் போதும். தேர்வுக் குழு கூடுவதற்கு முன்பே நாட்டில் ஆயிரம் தேர்வுக் குழுக்கள் கூடிவிடும். டீக்கடை பெஞ்சில் ஒன்று, மின்சார ரயிலில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக் கூடத்தில் ஒன்று.

தாத்தாவுக்கு அனுபவசாலி வேண்டும். பேரனுக்கு ஐ.பி.எல்.லில் சிக்ஸராக விளாசிய பையன் வேண்டும். பேத்தி கைபேசியில் ரஞ்சி சராசரியைத் தேடி எடுத்து நீட்டுவாள். "நம்ம ஊர்ப் பையன் யாராவது இருக்கானா?" என்பது மட்டும்தான் பாட்டியின் கேள்வி. சத்தம் ஏறும், காபி ஆறும். கடைசியில் எல்லோரும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்பார்கள்: "இவனை எடுக்காம இருக்கிறது அநியாயம்!"

அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பாதி உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சரி, எடுக்கலாம். யாருக்குப் பதிலாக?

ஆடுவது 11 பேர். தொடக்க ஆட்டக்காரர்கள் இருவர், நடுவரிசைக்கு மூவர், ஒரு விக்கெட் கீப்பர், இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள். நம் ஊர் ஆடுகளத்தில் குறைந்தது இரண்டு, மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள் வேண்டும். இப்படி எண்ணிக்கொண்டே போனால் உண்மையில் விவாதத்துக்கு மிஞ்சுவது ஓரிரண்டு இடங்கள்தான். அந்த இடங்களுக்குத்தான் அத்தனை சண்டையும்.

சேப்பாக்கத்துக்கு இதை நன்றாகத் தெரியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட சில நாட்களிலேயே அங்கே இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் நடந்தது. கர்நாடகத்தின் கருண் நாயருக்கு அது மூன்றாவது டெஸ்ட்தான். ரஹானே காயமடைந்ததால் அணியில் இடம் கிடைத்திருந்தது. அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார், ஆட்டமிழக்காமல் 303. சேவாக்குக்குப் பிறகு டெஸ்டில் முச்சதம் கண்ட இந்தியர் அவர் ஒருவர்தான். சேவாக் 2008-ல் 319 எடுத்ததும் இதே மைதானத்தில்தான்.

அடுத்த டெஸ்ட் 2017 பிப்ரவரியில், ஹைதராபாத்தில், வங்கதேசத்துக்கு எதிராக. ஆடும் 11 பேரில் கருண் நாயர் இல்லை! முந்தைய இன்னிங்ஸில் முந்நூறு அடித்தவனை உட்காரவைப்பதா என்று நாடே கொதித்தது. கொதிப்பு நியாயம்தான். ஆனால் மறுபக்கமும் பார்க்க வேண்டும். ரஹானே ரன் எடுக்காததால் இடம் இழந்தவரல்ல. காயத்தால் வெளியே போனவர். ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டு ஆடுகளங்களில் அணியைத் தாங்கியவர். குணமாகித் திரும்பியவரிடம் 'உன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார், நீ கிளம்பு' என்று சொல்வது மட்டும் நியாயமாகுமா? ஐந்து பந்துவீச்சாளர்களுடன் ஆடுவது என்று அணி முடிவெடுத்ததால் இருவருக்கும் சேர்த்து இடமும் இல்லை. ரஹானே அந்த இன்னிங்ஸில் 82 ரன் எடுத்தார்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம். நாற்காலி மட்டும் ஒன்று.

இது இன்று நேற்று வந்த சங்கடமல்ல. தாத்தாவைக் கேட்டால் அறுபது, எழுபதுகளின் கதையைச் சொல்வார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்று நான்கு மேதைகள் ஒரே காலத்தில் இருந்தார்கள். நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் எத்தனை? ஒன்றே ஒன்று, 1967-ல் பர்மிங்ஹாமில். ஆஃப் ஸ்பின்னுக்கு பிரசன்னாவா, வெங்கட்டா என்ற கேள்வியில் பெங்களூருக்காரர்களும் சென்னைக்காரர்களும் முட்டிக்கொள்ளாத நாளில்லை.

அவர்களாவது ஆடினார்கள். ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட் எடுத்தவர். இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவரும் இடக்கை சுழல், பேடியும் இடக்கை சுழல், காரணம் அவ்வளவுதான். 1974-ல் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது பெங்களூரு டெஸ்டில் பேடி ஆடவில்லை. கோயலை அழைத்தார்கள். இந்த முறை நிச்சயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆடும் அணியை அறிவித்தபோது அவர் பெயர் இல்லை. அந்த வாய்ப்பு அதற்குப் பிறகு வரவே இல்லை.

கருண் நாயருக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அடுத்து வந்த ஆஸ்திரேலியத் தொடரில் மூன்று டெஸ்ட் ஆடினார். பெரிய ரன் வரவில்லை. 2017 மார்ச்சோடு நின்றுபோனது. பிறகு விதர்பாவுக்குப் போய், 2024-25 ரஞ்சிப் பருவத்தில் 863 ரன் குவித்து, கேரளாவுக்கு எதிரான இறுதிப்போட்டியில் 86, 135 என்று அடித்துக் கோப்பையையும் வாங்கித் தந்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜூனில் இங்கிலாந்தில் மீண்டும் இந்தியத் தொப்பி. நான்கு டெஸ்ட், 205 ரன், ஒரே ஒரு அரைசதம்.

அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியாவுக்கு வந்தது. தேர்வான 15 பேரில் கருண் இல்லை. மீண்டும் அதே கூக்குரல். ஆனால் இந்த முறை சென்னைக்காரர்களின் குரல் கொஞ்சம் இறங்கியே ஒலித்தது. மூன்றாம் இடத்தில் ஆடப்போகிறவர் நம்ம சாய் சுதர்சன் அல்லவா! பட்டியலில் வாஷிங்டன் சுந்தர், ஜெகதீசன் என்று இன்னும் இரண்டு தமிழ்நாட்டுப் பெயர்கள் வேறு. டெல்லி டெஸ்டில் சாய் 87 எடுத்தபோது 'தேர்வு சரிதான்' என்று பாட்டியே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அந்தத் தீர்ப்புக்கு ஆயுள் ஒரு மாதம். நவம்பரில் தென்னாப்பிரிக்காவுடன் கொல்கத்தா டெஸ்ட். ஈடன் கார்டன்ஸ் ஆடுகளம் சுழலும் என்று நான்கு சுழல் வீச்சாளர்களை இறக்கினார்கள். அதற்கு ஒரு பேட்ஸ்மேன் வெளியே போக வேண்டும். போனவர் சாய் சுதர்சன். மூன்றாம் இடத்தில் வந்தவர் வாஷிங்டன் சுந்தர். நம்ம ஊர்ப் பையனுக்குப் பதிலாக நம்ம ஊர்ப் பையன்! இப்போது பாட்டி யாருக்காக வாதாடுவார்?

வாஷிங்டன் ஏமாற்றவில்லை. 29, 31 என்று இரண்டு இன்னிங்ஸிலும் தாக்குப்பிடித்தார். ஆனால் அணி 124 ரன் இலக்கை எட்ட முடியாமல் 93-ல் சுருண்டது. தென்னாப்பிரிக்காவின் ஹார்மர் அந்த டெஸ்டில் எட்டு விக்கெட் எடுத்தார். அடுத்து குவாஹாட்டியில் சாய் மூன்றாம் இடத்துக்குத் திரும்பினார்; வாஷிங்டன் எட்டாம் இடத்துக்கு இறங்கினார். அந்த டெஸ்டில் இந்தியா தோற்றது 408 ரன் வித்தியாசத்தில்.

ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதற்கு ஓராண்டு முன்பே பதில் கிடைத்துவிட்டது. 2024-ல் நியூசிலாந்து வந்தபோது பெங்களூரு டெஸ்டில் இந்தியா தோற்றதும், தொடரின் நடுவே வாஷிங்டனை அழைத்தார்கள். புனேயில் குல்தீப் யாதவை உட்காரவைத்து இவரை இறக்கியபோது பலர் முகம் சுளித்தார்கள். அவர் முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட், இரண்டாவதில் 4. தேர்வு என்றால் இதுதான் தேர்வு! ஆனாலும் இந்தியா தோற்றது. பேட்ஸ்மேன்கள் முதல் இன்னிங்ஸில் 156-ல் அடங்கினால் 11 விக்கெட் எடுத்தவர் என்ன செய்ய முடியும்? தொடரும் 3-0 என்று போனது.

அப்படியானால் ரசிகர்கள் பேசக்கூடாதா? தாராளமாகப் பேசலாம். பேச்சில்லாமல் கிரிக்கெட் ஏது? அடுத்த தொடருக்கு முன் வீட்டில் ஒரு சின்ன விதி மட்டும் வைத்துப் பார்க்கலாம். ஆளுக்கொரு காகிதம். 11 பெயர்களை எழுதுங்கள். புதிதாக ஒரு பெயரைச் சேர்க்கிறவர் பக்கத்திலேயே யாரை நீக்குகிறார் என்றும், ஏன் என்றும் எழுத வேண்டும். 'ஃபார்மில் இல்லை' என்று எழுதினால் எத்தனை இன்னிங்ஸ், எந்த ஆடுகளத்தில் என்று சொல்ல வேண்டும். அஸ்வின் எடுத்த 537 டெஸ்ட் விக்கெட்டுகளில் 383 இந்திய மண்ணில் எடுத்தவை. இங்கே கட்டாயம் வேண்டிய ஆளை அங்கே உட்காரவைத்ததற்கும் ஒரு கணக்கு இருந்தது என்பது அப்போது புரியும்.

இந்த விதியால் விவாதம் முடிந்துவிடாது. சூடு கொஞ்சம் குறையும். ஒரு பெயரை அடிக்கும்போது பேனா ஒரு கணம் தயங்கும். அந்தப் பெயருக்குப் பின்னாலும் விடியற்காலையில் கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிய பத்துப் பதினைந்து வருடங்கள் இருக்கின்றன. அறிவிப்பு வரும் நாளில் தன் மகன் பெயர் இருக்கிறதா என்று காத்திருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

தேர்வுக் குழு தவறே செய்யாது என்று யாரும் சொல்ல முடியாது; கோயலின் கதை ஒன்றே போதும். அந்தத் தவறைச் சுட்டிக்காட்டும் உரிமை ரசிகருக்கு நிச்சயம் உண்டு. 'இவனை எடு' என்பதோடு 'இவனுக்குப் பதிலாக' என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்த உரிமைக்கு எடை கூடுகிறது.