எரியாத இலையும் ஆறாத வலியும்: ராகலை லயத்துக்கு வந்த ஒரு கருவி

ராகலையில் மாமாவின் லயத்துக்குப் போயிருந்தபோது, ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பொருளை எடுத்து என் கையில் கொடுத்தார். கறுப்பு நிறம், உள்ளங்கை அளவு. பார்த்தால் பழைய கைத்தொலைபேசி போல இருந்தது. மேலே உறிஞ்சுவதற்கு ஒரு குழல், உள்ளே விரல் நுனி அளவில் ஒரு சிறு கிண்ணம், பக்கத்தில் வெப்பநிலை காட்டும் சின்னத் திரை. கனடாவிலிருந்து வந்துபோன உறவுக்காரத் தம்பி விட்டுச்சென்றது. கிண்ணம் வெறுமையாகத்தான் இருந்தது.

“மகன், நீ எழுதுற ஆளு. இதுல எலையப் போட்டு இழுத்தா வலி அடங்கும்னு தம்பி சொல்லிட்டுப் போச்சு. அங்க டாக்டரே எழுதிக் குடுக்குறாராம். உண்மையா?”

மாமாவின் கதை பலருக்குத் தெரிந்த கதைதான். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, கிணறு தோண்டி வாழ்ந்தார்கள். 2009 இன் தொடக்கத்தில் எறிகணை வீச்சில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. முகாமிலிருந்து வெளியே வந்தபோது அங்கே யாரும் மிச்சமில்லை. தங்கையின் லயத்துக்குத் திரும்பி வந்தார். பகலில் செயற்கைக் காலுடன் கடைக்கும் போய் வருவார். இரவில், அதுவும் ராகலையின் மழைக்குளிரில், இல்லாத பாதத்தின் விரல்கள் வலிக்கும். “வெட்டி எடுத்த கால் எப்படிடா வலிக்கும்னு கேட்டா என்ன பதில் சொல்றது?” என்பார்.

அவருடைய கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கருவியை மூன்று விதமாக எடைபோட வேண்டியிருந்தது: அது சொல்வதைச் செய்கிறதா, வலிக்கு உதவுமா, இந்த நாட்டில் மாமாவைப் போன்ற ஒருவர் அதைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும்?

கருவி என்ன செய்கிறது

இதன் பெயர் வேப்பரைசர். இளைஞர்கள் கையில் இப்போது காணப்படும், நிக்கொட்டின் திரவத்தை ஆவியாக்கும் ‘வேப்’ வேறு, இது வேறு. இது உலர்ந்த இலையையோ பூவையோ எரிக்காமல் சூடாக்குகிறது. கஞ்சாவில் உள்ள முக்கிய வேதிப்பொருளான ரீஎச்சீ ஏறத்தாழ 157 பாகை செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்குவதாகக் கணக்கிடப்படுகிறது. இலை தீப்பிடிக்க அதைவிட அதிக வெப்பம் வேண்டும். இந்த இடைவெளிக்குள், பொதுவாக 180 முதல் 210 பாகைக்குள், வெப்பத்தை நிறுத்தி வைப்பதுதான் கருவியின் வேலை. புகை இல்லை, ஆவி மட்டும்.

ஜேர்மனியின் ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கல் நிறுவனம் 2000 ஆம் ஆண்டளவில் ‘வொல்கேனோ’ என்ற மேசைக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் கையில் எடுத்துச் செல்லும் ‘மைட்டி’ வந்தது. இவற்றில் சில வகைகள் மருத்துவ உபகரணமாகவே அங்கீகாரம் பெற்றவை. 

சொன்னதைச் செய்கிறதா என்றால், நல்ல கருவி ஓரளவு செய்கிறது. 2007 இல் சான்பிரான்சிஸ்கோவில் 18 பேரை வைத்து நடத்திய ஆய்வில், புகைத்தவர்களுக்கும் வேப்பரைசரில் இழுத்தவர்களுக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரே அளவு ரீஎச்சீ சேர்ந்தது. ஆனால், வேப்பரைசரில் இழுத்தவர்களின் மூச்சில் காபனோரொட்சைட்டு வெகுவாகக் குறைவாக இருந்தது. நுரையீரலைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி.

ஆனால் ‘புகை இல்லை’ என்பதை ‘ஆபத்து இல்லை’ என்று படிக்கக்கூடாது. 2018 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எப்போதாவது மட்டும் கஞ்சா பாவிக்கும் 17 பேரிடம் நடந்த ஆய்வு, அதே அளவு கஞ்சா வேப்பரைசர் வழியாகப் போகும்போது போதையும் தடுமாற்றமும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. எரிந்து வீணாவது குறைவதால் உடலுக்குள் போவது கூடுகிறது. ஒற்றைக் காலில் ஊன்றி, ஈரமான படிக்கட்டில் இறங்கும் மனிதருக்கு இந்தத் தடுமாற்றம் சின்ன விடயமல்ல.

விலையையும் பார்க்க வேண்டும். மருத்துவத் தரத்திலான ஒரு கருவிக்கு வெளிநாட்டில் 300 டொலர் அளவில், சில வேளை அதற்கு மேலும், கொடுக்க வேண்டும். நம் காசில் சுமார் 90,000 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளிக்கு அறிவித்த 1,550 ரூபா நாட்சம்பளமும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் முழுதாகக் கைக்கு வந்தாலும், ஐம்பது நாளுக்கு மேற்பட்ட உழைப்பு அது. மலிவான கருவிகளும் உண்டு. ஆனால் வெப்பத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாத கருவி இலையைக் கருக்கிவிடும், அப்போது அது சுருட்டுத்தான். லித்தியம் பற்றரி குளிரில் சீக்கிரம் இறங்கும் என்பதையும் ராகலையில் இருப்பவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

வலிக்கு உதவுமா

மாமாவின் வலிக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. இழந்த உறுப்பில் உணரப்படும் இந்த வலி மனப்பிரமை அல்ல. துண்டிக்கப்பட்ட நரம்புகளும் அந்த உறுப்புக்கான மூளைப் பகுதியும் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதன் விளைவு. நரம்புவலி என்ற பெரிய குடும்பத்தில் ஒன்று.

வழமையான மருந்துகள் பலனளிக்காத 39 நரம்புவலி நோயாளர்களிடம் கலிபோர்னியாவில் 2013 இல் வெளியான ஆய்வொன்று, வேப்பரைசரில் குறைந்த அளவு கஞ்சா கொடுத்தபோதே வலி தணிந்ததாகக் கண்டது. தம்பி சொன்னது முழுப்பொய் அல்ல. ஆனால் அது சில மணிநேர நிவாரணத்தை அளந்த ஆய்வு. 2018 இல் கொக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 1,750 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது வந்த முடிவு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை: நாட்பட்ட நரம்புவலியில் கஞ்சா மருந்துகள் தரும் நன்மையை அவற்றின் பக்கவிளைவுகள் விஞ்சிவிடக்கூடும் என்றது.

நம் வாசகர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். போரைக் கடந்து வந்தவர்களின் வலி உடலோடு நிற்பதில்லை. தூக்கமின்மை, திடுக்கிடல், பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது எல்லாம் கூடவே இருக்கின்றன. ரீஎச்சீ சிலருக்குப் பதற்றத்தையும் சந்தேக உணர்வையும் கூட்டும், மனநோய்க்கான சாய்வு உள்ளவர்களிடம் அதைத் தூண்டவும் கூடும். கனடாவில் மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால் அளவைக் கூட்டிக் குறைக்கவும், நிறுத்தச் சொல்லவும் அவர் அங்கே இருக்கிறார். ராகலைக்கு வந்தது கருவி மட்டும்தான். அந்த மருத்துவர் வரவில்லை.

கட்டுநாயக்கவைத் தாண்டினால்

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் வயது வந்தவர்களுக்குக் கஞ்சா சட்டபூர்வமானது. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் பிரித்தானியாவில் விசேட மருத்துவர்கள் அதை மருந்தாக எழுதலாம். ஜேர்மனியில் 2017 இல் மருந்தாகவும், 2024 ஏப்ரல் 1 முதல் வரையறைகளோடு பொதுவாகவும் அனுமதி வந்தது. நம் புலம்பெயர் உறவுகள் அதிகம் வாழும் நாடுகள் இவை. அங்கே ஒருவருக்கு இது மருந்தகப் பொருள். அந்த நினைப்போடு அவர் விமானம் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கஞ்சாவை எல்லை தாண்டிக் கொண்டுபோவது கனடாச் சட்டப்படியே குற்றம். இங்கே 1929 ஆம் ஆண்டின் நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் காத்திருக்கிறது. ‘ரொறன்ரோவில் பற்றுச்சீட்டோடு வாங்கியது’ என்பது கட்டுநாயக்கவில் காப்பாற்றாது.

கருவி வெறுமையாக வந்தாலும் அதில் போட இலை வேண்டுமே. அது எங்கிருந்து வரும்? பாக்கு நீரிணை வழியாக மன்னார், பருத்தித்துறைக் கரைகளுக்கு வரும் ‘கேரளா கஞ்சா’விலிருந்து, அல்லது மொனராகலைச் சேனைகளிலிருந்து. அதில் எவ்வளவு ரீஎச்சீ, என்ன பூச்சிமருந்து, என்ன பூஞ்சணம் என்று யாருக்கும் தெரியாது. 200 பாகையில் துல்லியமாகச் சூடாக்கும் கருவிக்குள் என்னவென்றே தெரியாத இலை. எரியாததால் நஞ்சு இலையை விட்டுப் போய்விடாது.

இதில் அமெரிக்கா கற்ற பாடம் பெரியது. 2019 இல் கள்ளச்சந்தை கஞ்சா எண்ணெய்க் குப்பிகளில் கலந்த விட்டமின் ஈ அசற்றேற்றால் 2,800 பேருக்கு மேல் நுரையீரல் பாதிப்போடு வைத்தியசாலையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அவை எண்ணெய்க் கருவிகள், உலர் இலைக் கருவிகள் அல்ல. ஆனாலும் கருவி எவ்வளவு நவீனமானாலும், உள்ளே போவது கள்ளச்சந்தைப் பொருளானால் உத்தரவாதம் எதுவும் இல்லை என்பது இரண்டுக்கும் பொது.

மீரிகமவில் முதலீடு, லயத்தில் குற்றம்

இங்கேதான் இந்தச் சின்னக் கருவி அரசியலாகிறது. 2022 நவம்பர் 14 ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க முன்வைத்த வரவு செலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை இருந்தது. இராஜாங்க அமைச்சராக இருந்த டயானா கமகே அதற்கு முன்பிருந்தே இதை வலியுறுத்தி வந்தார். ஆட்சி மாறியது. ஆனால் திட்டம் மாறவில்லை. 2025 ஓகஸ்டில், மீரிகமவில் 64 ஏக்கரில் ஏற்றுமதிக்காக மட்டும் மருத்துவக் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கிடைத்ததாகச் செய்திகள் வந்தன.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் என்ன நடந்தது? 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியது. சில வாரங்களிலேயே பல்லாயிரக்கணக்கானோர் கைதானார்கள். வறிய குடியிருப்புகளே அதிகம் சோதனைக்குள்ளாகின்றன என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் 2024 ஜனவரியில் கவலை வெளியிட்டது. சோதனைச்சாவடியையும் சுற்றிவளைப்பையும் அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வரும் காட்சி மலையகத்துக்குப் பழக்கமானது. நல்ல தேயிலை கப்பலேறும், பறித்தவர் வீட்டில் தூள்தேயிலை கொதிக்கும். நாளை மீரிகமவில் விளைவது ஜேர்மன் நோயாளியின் கருவிக்குள் மருந்தாகப் போகலாம். அதே இலை ராகலையில் ஒரு போர்க்காயக்காரரின் கையில் இருந்தால் அது வழக்கு. ஆயுர்வேத, சித்த மருத்துவத்தில் கஞ்சா காலங்காலமாக இருந்து வந்திருக்கிறது, சட்டமும் அதற்கு ஒரு குறுகிய கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் வலியோடு வாழும் உள்நாட்டு நோயாளி அந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை.

இதனால் நாளைக்கே எல்லோருக்கும் கஞ்சாவைத் திறந்துவிடச் சொல்கிறேன் என்று எடுக்க வேண்டாம். கசிப்பும் வெற்றிலைப் புகையிலையும் மாத்திரைகளும் குடும்பங்களைத் தின்பதை லயத்தில் வளர்ந்த நான் பார்த்திருக்கிறேன். நரம்புவலிக்குக் கொடுக்கும் பிரெகபலினே இன்று வடக்கிலும் தெற்கிலும் போதை மாத்திரையாக விற்கப்படுகிறது. கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போய்வரும் நம் பையன்களுக்கு ‘புகையில்லாத கருவி’ என்பது வாசனை வராத, வீட்டில் கண்டுபிடிக்க முடியாத ஒன்று. அதை ‘மருந்து’ என்ற பெயரில் லயத்துக்குள் விட்டால், மாமாவின் வலியைச் சாட்டாக வைத்து இன்னொரு வியாபாரம் தொடங்கும்.

கேட்க வேண்டியது வேறு. போர்க்காயக்காரர்களின் வலியை யார் கவனிக்கிறார்கள்? தோட்ட டிஸ்பென்சரியில் பனடோல் கிடைக்கும். நரம்புவலியை அறிந்த மருத்துவரைப் பார்க்கக் கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போக வேண்டும். பஸ் காசு, இழக்கும் ஒருநாள் சம்பளம், துணைக்கு ஒருவர், மொழிப் பிரச்சினை. வடக்கில் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை செயற்கை உறுப்பு கொடுத்தன. மலையகத்துக்குத் திரும்பி வந்தவர்கள் போரால் பாதிக்கப்பட்டவர்கள் என்ற கணக்கிலேயே பலவேளை வருவதில்லை. அரசு மருத்துவக் கஞ்சாவைப் பற்றிப் பேசுகிறதென்றால், டொலர் கணக்கோடு இந்த நோயாளிகளின் கணக்கையும் பேச வேண்டும்.

மாமாவுக்குச் சொன்னது

கருவியைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தேன். “தம்பி பொய் சொல்லல மாமா. ஆனா அவருக்கு அங்க இருக்குற டாக்டரும் சட்டமும் சுத்தமான மருந்தும் உங்களுக்கு இங்க இல்ல. இத மட்டும் வச்சிக்கிட்டு ஒண்ணும் செய்ய ஏலாது. பொலிஸ் வந்தா வலியோட வழக்கும் சேந்துக்கும்” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. வெறுங்கையோடு அந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் சொன்ன கண்ணாடி முறையைப் பற்றிச் சொன்னேன். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தை இழந்த காலின் இடத்தில் பார்த்தபடி அதை மெதுவாக அசைப்பது. இழந்த கால் அசைவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. 2007 இல் கால் இழந்த 22 அமெரிக்கப் படையினரிடம் செய்த பரிசோதனையில், கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது. எல்லோருக்கும் பலன் தருவதில்லை, தொடர்ந்து செய்ய வேண்டும், பயிற்சியாளரின் வழிகாட்டல் இருந்தால் நல்லது. ஆனால் பற்றரியும் வேண்டாம், பொலிஸுக்குப் பயப்படவும் வேண்டாம்.

மறுநாள் காலையில் மாமி அலுமாரிக் கதவிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதாக நான் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியைக் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நல்ல காலின் விரல்களை அசைத்துப் பார்த்துவிட்டு மாமா கேட்டார்:

“பதினாறு பதினேழு வருசமா இத ஏன்டா எனக்கு ஒருத்தரும் சொல்லல?”

அந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதல்ல.