காணை வட்டாரத்தில் கோழி எருவை மக்கவைத்து, சோதித்து, எடைபோட்டு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
காணை ஒன்றியச் சிறு, குறு விவசாயிகள் சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்,
காணை, விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: கோழி எருவுக்குத் தடை விதிக்காமல், அதை முறையாக மக்கவைத்து உரமாக வழங்க ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஒன்றியத்தில் மணிலா, கரும்பு, உளுந்து, நெல் பயிரிடும் குடும்பங்களின் சார்பில் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். கறிக்கோழிப் பண்ணைகளிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் லாரிகளில் வரும் கோழி எருவை அடியுரமாக வாங்கிப் போடுகிறோம். ஈயும் நெடியும் தாங்காமல் ஊர் மக்கள் லாரியை மறிக்கிறார்கள்; அடியோடு தடை செய்யுங்கள் என்ற குரலும் எழுந்திருக்கிறது. அவர்கள் படும் தொல்லை உண்மையானது. அதே வீடுகளில்தான் எங்கள் பிள்ளைகளும் வளர்கிறார்கள். ஆனால் தடை இதற்குத் தீர்வாகாது என்று உறுதியாக நம்புகிறோம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி கோழி எருவில் தழைச்சத்து 3.03, மணிச்சத்து 2.63, சாம்பல்சத்து 1.4 விழுக்காடு உள்ளது. தொழு உரத்தில் தழைச்சத்து அரை விழுக்காடு அளவே. இதன்படி ஒரு டன் கோழி எருவில் 26 கிலோ மணிச்சத்து இருக்கிறது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் இருப்பது 23 கிலோ. நடவு நேரத்தில் அந்த மூட்டைக்காக வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் எங்களில் பலர். உள்ளூரிலேயே கிடைக்கும் இந்தச் சத்தை இழக்க எங்களுக்கு மனமில்லை.

இப்போது நடப்பதோ வேறு. பண்ணையில் வாரிய எரு அப்படியே வரப்போரம் கொட்டப்பட்டு வாரக்கணக்கில் வெயிலில் கிடக்கிறது. திறந்த வெளியில் கிடந்தால் 30 நாளில் தழைச்சத்தில் பாதி போய்விடும் என்று அதே பல்கலைக்கழகம் எச்சரிக்கிறது. கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் ஈரம் பட்டதும் சிதைந்து அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த நெடி, நாங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்துதான். மக்காத எருவை உழுது மூடாமல் இளம் பயிருக்கு அருகில் இட்டால் வேர் கருகுகிறது. பயிரும் போகிறது, பணமும் போகிறது.

மழைக்காலத்தை நினைத்தால் எங்கள் கவலை இன்னும் கூடுகிறது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய மழையில் மூடாத எருக்குவியல் ஏரிக்கும் கிணற்றுக்கும்தான் போய்ச் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் கிணறுகளில் அது எவ்வளவு என்று சோதித்துச் சொல்லும்படி முதலில் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் முதன்மைக் கோரிக்கை, காணையில் ஒரு பொது மக்குரக் கொட்டகை. ஏரி, கிணறு, குடியிருப்பு ஆகியவற்றுக்கு எட்டத்தில், மேட்டுப் பாங்கான புறம்போக்கில், சிமென்ட் தளமும் கூரையும் சுற்றிலும் வடிகாலும் கொண்டதாக அது அமைய வேண்டும். தென்னை நார்க் கழிவுடன் கோழி எருவைக் கலந்து, சிப்பிக்காளான் வித்திட்டு, அவ்வப்போது கிளறி ஒன்றரை மாதத்தில் மக்கவைக்கும் முறையை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே வகுத்துத் தந்திருக்கிறது. கரும்புச் சோகையும் வைக்கோலும் எங்களிடமே உண்டு. கொட்டகையை நடத்தும் பொறுப்பை உழவர் உற்பத்தியாளர் குழுவிடமோ மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ ஒப்படைக்கலாம். முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாளுர விதைக்கு இடம் கிடைத்தது போல இதற்கும் நிதி ஒதுக்கப் பரிந்துரைக்க வேண்டும்.

மக்கவைப்பதை நாங்கள் வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. மக்காத எருவை இட்டால், மண்ணைத் தொட்டு விளையும் உணவுப் பொருளை 120 நாள் கழித்தே அறுவடை செய்யலாம் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. எங்கள் மணிலா ஏறத்தாழ 105 நாளில் பிடுங்கப்படும் பயிர். அதன் காய் மண்ணுக்குள்ளேயே விளைகிறது. மக்கும்போது குவியலில் எழும் சூடுதான் நோய்க்கிருமிகளை ஒழிக்கும்.

அடுத்தது விற்பனை. இன்று எரு லோடு கணக்கில் விற்கப்படுகிறது. அதில் எருவும் உமியும் எவ்வளவு, ஈரமும் மண்ணும் எவ்வளவு என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. எடைபோட்டு, ஈரப்பதமும் சத்தளவும் உப்பின் அளவும் எழுதிய சீட்டுடன் விற்க வேண்டும். மக்காத எருவை ஏற்றிவரும் வண்டிகள் தார்ப்பாய் மூடி வரவும், புரட்டாசி முதல் மார்கழி வரை வயலோரம் திறந்து குவிக்காதிருக்கவும் உத்தரவிட வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் திருத்திய நெறிமுறைகள் 5,000 கோழிகளுக்கு மேற்பட்ட பண்ணைகளையும் வரம்புக்குள் கொண்டுவந்தன. அவற்றைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துங்கள். அதே வேளையில், கம்பெனிக் குஞ்சை வாங்கி வளர்த்துக் கொடுக்கும் சிறு பண்ணையாளர்களும் எங்களைப் போன்ற விவசாயிகளே. அபராதத்துக்கு முன்னால் எருவை மூடிவைக்கக் கூரை போட மானியம் கொடுங்கள்.

எவ்வளவு இடுவது என்பதிலும் வழிகாட்டுதல் வேண்டும். ஆண்டுதோறும் அளவின்றிக் கோழி எரு இட்டால் மண்ணில் மணிச்சத்து தேங்கி, பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பது குறையும். அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவே கோழி எருவிலிருந்து கசிந்த மணிச்சத்தாலும் கெட்டது. மேரிலாந்து மாநிலம் 2015இல், மண்ணில் இருக்கும் அளவைப் பார்த்தே எரு இட விதி செய்தது. எனவே திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் எங்கள் செம்மண் கொல்லைகளில் மணிலாவுக்குச் செயல்விளக்கத் திடல்கள் அமைத்து, ஏக்கருக்கு எவ்வளவு, அதற்கு ஈடாக டி.ஏ.பி.யை எவ்வளவு குறைக்கலாம் என்று அச்சிட்டுத் தர வேண்டும். எரு வாங்கும் ஒவ்வொருவருக்கும் மண் பரிசோதனை இலவசமாகச் செய்யப்பட வேண்டும்.

வேளாண்மை, கால்நடை பராமரிப்பு, மாசுக் கட்டுப்பாடு, ஊரக வளர்ச்சி ஆகிய நான்கு துறை அலுவலர்களையும் ஒரே நாளில் காணைக்கு அனுப்பி, எங்களையும் பண்ணையாளர்களையும் ஊர் மக்களையும் வைத்துப் பேசி, கொட்டகைக்கான இடத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே முடிவு செய்து தருமாறு வேண்டுகிறோம். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதற்கு எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்
காணை

நகல்:
வேளாண்மை இணை இயக்குநர், விழுப்புரம்
மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்
வட்டார வளர்ச்சி அலுவலர், காணை